மக்கள் பெருக்கமும் மார்க்கமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



மக்கள் தொகையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் சமுதாயத்தைக் குறித்து இரண்டு கூற்றுகள் சொல்லப்படுகின்றன. முஸ்லிம்கள் தங்கள் மதத்தின் காரணமாகவே அதிகம் பிள்ளை பெறுகிறார்கள், ஒருநாள் நாட்டில் பெரும்பான்மையாகிவிடுவார்கள் என்பது வெளியிலிருந்து வரும் கூற்று. குழந்தைகளுக்கிடையே இடைவெளி விடுவது முதல் அறுவைச் சிகிச்சை வரை அனைத்தும் ஒன்றே, அனைத்தும் மார்க்கத்திற்கு விரோதமானவை, அதைப் பற்றிப் பேசுவதே பாவம் என்பது நமக்குள்ளேயே வழங்கும் கூற்று. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பனவாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பெண் எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதை அவளுடைய மதம் மட்டுமே முடிவு செய்கிறது என்ற எண்ணமே அது.

வரலாறு அவ்வாறு கூறவில்லை. பிள்ளைப்பேற்றைப் பற்றி எல்லா மதங்களும் பேசியிருக்கின்றன. அரசுகளும் பேசியிருக்கின்றன. ஆனால் குடும்பத்தின் அளவு மாறியது தாயின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் பாதுகாப்புக் கிடைத்தபோதும், பெண்ணுக்குக் கல்வி கிடைத்தபோதும்தான். இதனை நம் செங்கல்பட்டு மாவட்டத்தையும் தமிழகத்தையும் முன்வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று சமயங்கள் வாழும் கடற்கரை

மாமல்லபுரத்திற்கு வடக்கே கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த தர்கா உள்ளது. அதே ஊரில் கார்மேல் மாதா ஆலயம் உள்ளது. சற்றுத் தெற்கே திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் உள்ளது. ஒரு முனிவருக்குப் பிறந்த 360 பெண் மக்களை நாளொன்றுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்பது அக்கோயிலின் தல புராணம். திருமணமும் மக்கட்பேறும் எல்லாச் சமயத்தாருக்கும் பெரும்பேறாக இருந்த காலத்தின் அடையாளம் இது.

அக்காலத்தில் குடும்பங்கள் பெரியவையாக இருந்ததற்கு வழிபாட்டைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்று இருந்தது. பிறந்த பிள்ளைகளில் பலர் பிழைக்கவில்லை. காலரா, அம்மை, பஞ்சம் ஆகியவை மதம் பார்த்து வரவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே சூறையாடியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டால், மாகாணத்தின் மக்கள் தொகை வளர்வதற்குப் பதிலாகக் குறைந்தே போயிருந்தது. ஆறு பிள்ளை பெற்றால்தான் மூன்று பிள்ளை தங்கும் என்ற நிலையில், வயலில் உழைப்பவரும் கடலில் வலை வீசுபவரும் கடை வைத்திருப்பவரும் நிறையப் பிள்ளைகளை விரும்பியதில் வியப்பில்லை. இதில் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் மாதா ஆலயத்திற்கும் வேறுபாடு இருக்கவில்லை.

மார்க்க நூல்களில் நடந்த விவாதம்

இந்த விவாதம் மேலை நாடுகளில் தோன்றி நம்மிடம் வந்தது என்று பலர் கருதுகின்றனர். மக்கள் பெருக்கம் உணவு உற்பத்தியை மிஞ்சிவிடும் என்று மால்தஸ் எழுதியது 1798இல். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் இமாம்கள் இப்பொருளை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தடை செய்கிறது. பெண் குழந்தைகளை உயிருடன் புதைத்த அறியாமைக் காலத்து வழக்கத்தை இஸ்லாம் ஒழித்தது. பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவதைப் பற்றி 2ஆம் அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பேசுகிறது. பாலூட்டும் காலம் இயல்பாகவே அடுத்த பிள்ளைக்கு இடைவெளி தருவதை மருத்துவர்களும் ஒப்புகின்றனர்.

கருவுறாமல் தடுக்கும் வழியாக அன்றைய அரேபியாவில் அறியப்பட்டிருந்தது 'அஸ்ல்' எனும் முறை. திருக்குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தோழர்கள் அதனைக் கடைப்பிடித்தனர் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அதனைக் கண்டிக்கும் கருத்துடைய மற்றோர் அறிவிப்பும் முஸ்லிமில் உள்ளது. உம்மத்தின் எண்ணிக்கை பெருகுவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பியதாக வரும் அறிவிப்பையும் மறுப்போர் எடுத்துக்காட்டுவர். இவற்றை ஒப்புநோக்கிய இமாம்களில் பெரும்பாலோர் அஸ்ல் அனுமதிக்கப்பட்டது என்றும், சிலர் விரும்பத்தகாதது என்றும் கூறினர். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் போன்ற சிலரே அது கூடாது என்றனர்.

இதில் நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்று உண்டு. ஹனஃபீ, மாலிக்கீ, ஹன்பலீ மத்ஹபுகளில் மனைவியின் சம்மதம் இதற்கு நிபந்தனையாக வைக்கப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் சம்மதம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பெண்ணின் விருப்பத்தைச் சட்ட நூல்களில் ஒரு கேள்வியாகவே எழுப்பியது அந்நூற்றாண்டுகளில் சிறிய செய்தியன்று.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் இதற்கான காரணங்களைத் தனித்தனியே எடை போட்டார்கள். பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதும், பிள்ளைகள் மிகுவதால் வரும் நெருக்கடியைத் தவிர்ப்பதும் ஏற்கத்தக்க காரணங்கள் என்றார்கள். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் தடுப்பது தீய எண்ணம் என்றார்கள். பெண் சிசுக் கொலையைத் தடுப்பதற்காக 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலைக்குத் தமிழக அரசு வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இமாமவர்கள் செய்த பாகுபாட்டின் ஆழம் விளங்கும்.

மருத்துவத் துறையிலும் நம் முன்னோர் மௌனம் காக்கவில்லை. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் மருத்துவ நூலில் கருத்தடைக்கான மருந்துகளையும் வழிமுறைகளையும் குறித்துள்ளார்.

எனினும் ஓர் எல்லை தெளிவாக வரையப்பட்டது. பிள்ளை பெறும் ஆற்றலையே நிரந்தரமாக அழித்துக்கொள்வது கூடாது என்பது அந்த எல்லை. ஆண்மை நீக்கிக்கொள்ள அனுமதி கேட்ட தோழர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி மறுத்ததை இதற்குச் சான்றாகக் காட்டுவர். தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற மருத்துவ அவசியத்தை உலமாக்கள் விலக்காகக் கொள்கின்றனர். தற்காலிகத் தடை வேறு, நிரந்தரத் தடை வேறு என்ற இந்தப் பாகுபாடு நம் வரலாற்றில் பின்னர் எவ்வளவு முக்கியமாயிற்று என்பதைக் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டிலும் விவாதம் தொடர்ந்தது. எகிப்தின் முஃப்தி அப்துல் மஜீத் ஸலீம் 1937இல் கருத்தடைக்கு அனுமதியளித்துத் தீர்ப்பு வழங்கினார். அதே காலத்தில் மௌலானா மௌதூதி அவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து நூல் எழுதினார்கள். 1971இல் மொராக்கோவின் ரபாத் நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடி இப்பொருளை ஆராய்ந்தனர். ஆக, மார்க்க அறிஞர்களிடையே இருந்தது ஒரே குரல் அல்ல.

சென்னையில் எழுந்த குரல்கள்

நம் பகுதியில் இப்பேச்சு எழுந்த வரலாறும் சுவையானது. 1877இல் இலண்டனில் கருத்தடை பற்றிய சிறு நூலை வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தவர் அன்னி பெசண்ட் அம்மையார். பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக வாழ்ந்தவரும் அவரே. அச்சபையின் கொள்கையை ஏற்ற பின்னர் 1891இல் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். ஒரே மனிதரின் வாழ்வில் நம்பிக்கை மாறியபோது கருத்தும் மாறியதற்கு இது சான்று.

சென்னையில் 1882இலேயே மால்தஸ் கொள்கையைப் பரப்ப ஒரு சங்கம் தோன்றியது. 1920களின் இறுதியில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அடங்கிய நவமால்தஸ் சங்கம் அமைந்தது. இவை படித்த மேல்தட்டினரின் சங்கங்கள். ஏழைகள் பெருகுகிறார்களே என்ற கவலை அவர்களிடம் மிகுந்திருந்தது. அக்காலத்தில் தந்தை பெரியார் 'குடி அரசு' இதழிலும் 'கர்ப்ப ஆட்சி' என்ற நூலிலும் வேறொரு கோணத்தை முன்வைத்தார். நாட்டின் வறுமையைப் போக்குவதற்காக அன்று, பெண்ணின் உடல்நலத்திற்கும் விடுதலைக்குமாகவே கருத்தடை வேண்டும் என்பது அவரது வாதம். மதங்களை மறுத்தவர் என்ற முறையில் அவரோடு நாம் வேறுபடும் இடங்கள் பல. ஆயினும் தாயின் நலம் என்ற புள்ளியைத் தமிழகத்தின் பொதுமேடையில் வைத்தவர் அவர் என்பதை வரலாறு மறைக்க இயலாது.

காந்தியடிகள் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். 1935 டிசம்பரில் வார்தாவில் அவரைச் சந்தித்த அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கரால் அவர் மனத்தை மாற்ற முடியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் செயற்கை முறைகளை ஏற்கவில்லை. 1968இல் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் அத்தடையை மீண்டும் உறுதி செய்தது. ஆகவே குடும்பக் கட்டுப்பாட்டிற்கு மத அடிப்படையில் எதிர்ப்பு என்பது முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

இதே காலப்பகுதியில்தான் எண்ணிக்கையை வைத்து அச்சமூட்டும் வழக்கமும் தொடங்கியது. இந்துக்கள் அழிந்துவரும் இனம் என்று 1909இல் கல்கத்தாவில் யு.என்.முகர்ஜி எழுதிய தொடர் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் மத அட்டவணைகளே அவருக்குக் கருவியாயின. நூறாண்டு கடந்தும் அதே அச்சம் வெவ்வேறு வடிவில் விற்கப்படுகிறது. முகர்ஜி அஞ்சியது நிகழவில்லை என்பதை மட்டும் யாரும் நினைவூட்டுவதில்லை.

அரசின் கையில் கத்தி

விடுதலைக்குப் பின் 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே ஏற்ற முதல் நாடாக இந்தியா ஆயிற்று. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ.கோபாலசுவாமி, மூன்று பிள்ளைகளுக்கு மேற்பட்ட பேற்றைப் பொறுப்பற்ற தாய்மை என்று வகைப்படுத்தினார். அவரே பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பகுதியில், அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஆண்களுக்கு ரூ.30 ஈட்டுத்தொகை வழங்கும் முறையை இந்தியாவில் முன்னோடியாகத் தொடங்கியது நம் மாநிலம். சிவப்பு முக்கோணமும் 'நாமிருவர் நமக்கிருவர்' என்ற முழக்கமும் சுவர்தோறும் எழுதப்பட்டன.

பணத்தைக் காட்டி அழைத்த முறை, நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயமாக மாறியது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 82 லட்சம் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலக்கு வைக்கப்பட்டது. 1976 ஏப்ரலில் தில்லி துர்க்மான் வாயில் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. குடிசைகளை அகற்றுவதும் கருத்தடை முகாமும் அங்கே கைகோத்து நின்றன. அதே ஆண்டு அக்டோபரில் முசாஃபர்நகரிலும் எதிர்த்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நவம்பரில் ஹரியானாவின் மேவாத் பகுதியைச் சேர்ந்த உட்டாவர் என்னும் முஸ்லிம் கிராமத்தைக் காவல்துறை இரவில் சுற்றிவளைத்து ஆண்களை அழைத்துச் சென்றது.

இக்கொடுமைக்கு ஆளானோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் எல்லாச் சமயங்களிலும் பாதிக்கப்பட்டனர். 1977 தேர்தலில் வட இந்தியா அளித்த தீர்ப்பில் இந்தக் கோபமும் கலந்திருந்தது. அதன்பின் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரே 'குடும்ப நலம்' என்று மாற்றப்பட்டது. ஆனால் ஒரு தீங்கு நிலைத்துவிட்டது. ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சை ஏறக்குறைய மறைந்து, முழுச் சுமையும் பெண்களின் மேல் விழுந்தது. இன்றும் தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நம் சமுதாயத்தில் பலர் இத்துறையையே ஐயத்துடன் பார்ப்பதற்கு மார்க்கக் காரணம் பாதி என்றால், அந்த ஆண்டுகளின் நினைவு மறுபாதியாகும்.

கடல் கற்பித்த பாடம்

நிரந்தரத் தடை பற்றிய மார்க்கத்தின் தயக்கத்தைப் பிற்போக்கு என்று எள்ளியவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. கல்பாக்கம் நகரியத்திலும் அதனையடுத்த மீனவக் குப்பங்களிலும் உயிர்கள் பறிபோயின. நாகப்பட்டினம் முதல் குமரி வரை இழப்பு பன்மடங்கு. அலை வாரிச் சென்றவர்களில் குழந்தைகள் ஏராளம்.

இரு பிள்ளைகளோடு போதும் என்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்கள் பலர், ஒரே காலைப் பொழுதில் அனைத்துப் பிள்ளைகளையும் இழந்து நின்றனர். அவர்களுக்கு மீண்டும் தாய்மை கிட்ட, கருக்குழாய்களை இணைக்கும் அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்துதரத் தமிழக அரசு முன்வந்தது. சிலருக்கு அது பலன் தந்தது. எல்லாருக்கும் பலன் தரவில்லை. வெட்டிய குழாயை இணைத்தாலும் கரு தங்கும் என்ற உறுதி மருத்துவத்தில் இல்லை.

அத்தாய்மார்கள் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என எல்லாச் சமயத்தையும் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்தது தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தற்காலிக முறைகளைப் பற்றி அவர்களுக்கு எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு அறுவைச் சிகிச்சை என்பதே வழக்கமான பாதையாக இருந்துவிட்டது. திரும்பப் பெறக்கூடிய வழி, திரும்பப் பெற முடியாத வழி என்று நம் முன்னோர் செய்த பாகுபாட்டில் மனித வாழ்வின் நிலையாமையைப் பற்றிய அறிவும் அடங்கியிருந்தது என்பதை அந்த அலை உணர்த்திற்று.

எண்கள் உண்மையில் கூறுவது

இனி எண்களுக்கு வருவோம். 2004 செப்டம்பரில், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மத விவரங்கள் வெளியானபோது, பத்தாண்டுகளில் முஸ்லிம்கள் 36 சதவீதம் பெருகிவிட்டதாகச் செய்தி பரவியது. 1991இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் நடந்தது. அங்குள்ள மக்களை ஒரு கணக்கில் சேர்த்து மறு கணக்கில் விட்டதால் வந்த பிழை அது. சில நாட்களில் திருத்தப்பட்ட எண் ஏறத்தாழ 29 சதவீதம் எனக் காட்டியது. முதற்செய்தி சென்ற இடமெல்லாம் திருத்தம் சென்று சேரவில்லை.

2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டுகளில் முஸ்லிம்களின் வளர்ச்சி 24.6 சதவீதமாகக் குறைந்தது. இந்துக்களின் வளர்ச்சி 16.8 சதவீதம். இரு சமுதாயங்களிலும் வளர்ச்சி தணிந்துவருகிறது. தமிழகத்தில் முஸ்லிம்களின் பங்கு 2001இல் 5.6 சதவீதம், 2011இல் 5.9 சதவீதம். பத்தாண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் அரை சதவீதம்கூட இல்லை.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்பர். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93இல் இந்திய முஸ்லிம் பெண்களுக்கு இது 4.4ஆகவும் இந்துப் பெண்களுக்கு 3.3ஆகவும் இருந்தது. 2019-21இல் முறையே 2.4 என்றும் 1.9 என்றும் குறைந்தது. ஒரு பிள்ளைக்கு மேல் இருந்த வேறுபாடு அரைப் பிள்ளைக்கும் கீழே வந்துவிட்டது. குறைந்த வேகம் முஸ்லிம்களிடமே அதிகம்.

இன்னும் தெளிவான சான்று மாநிலங்களை ஒப்பிடும்போது கிடைக்கிறது. அதே ஆய்வின்படி தமிழகத்தின் மொத்த விகிதம் 1.8. இங்குள்ள முஸ்லிம் பெண்களின் விகிதமும் இரண்டை ஒட்டியே உள்ளது. பீகாரில் இந்துப் பெண்களின் விகிதமே ஏறத்தாழ 2.9. மதமே காரணம் என்றால் தமிழக முஸ்லிமைவிடப் பீகார் இந்துவுக்குப் பிள்ளைகள் கூடுதலாக இருப்பது எவ்வாறு? விடை பள்ளிக்கூடத்தில் உள்ளது. நாடு முழுவதும் பள்ளிக்கே செல்லாத பெண்களுக்கு இவ்விகிதம் 2.8, பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவர்களுக்கு 1.8.

வெளிநாடுகளும் இதையே காட்டுகின்றன. 1971 வரை ஒரே நாடாக இருந்தவை பாகிஸ்தானும் வங்கதேசமும். வங்கதேசத்தில் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்கு விளக்கினர். பெண் கல்வி வளர்ந்தது. ஆறுக்கு மேல் இருந்த விகிதம் 2017-18இல் 2.3 ஆயிற்று. அதே ஆண்டில் பாகிஸ்தானில் அது 3.6. ஈரானில் 1989இல் உலமாக்களின் ஆதரவோடு குடும்ப நலத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டதும் விகிதம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டை ஒட்டி இறங்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் தாயகமான இத்தாலியில் 1990களில் உலகிலேயே மிகக் குறைந்த பிறப்பு விகிதங்களுள் ஒன்று பதிவாயிற்று.

பலதார மணத்தால் முஸ்லிம்கள் பெருகுகிறார்கள் என்ற வாதமும் நிற்காது. பெண்களின் நிலை பற்றி 1974இல் அரசுக் குழு அளித்த அறிக்கை, 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிய ஆய்வை எடுத்துக்காட்டியது. அதன்படி பலதார மணம் இந்துக்களிடம் 5.8 சதவீதம், முஸ்லிம்களிடம் 5.7 சதவீதம். மேலும், பிள்ளைகளின் எண்ணிக்கை பெண்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததேயன்றி அவர்கள் எத்தனை ஆண்களை மணந்தார்கள் என்பதைப் பொறுத்ததன்று.

2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, இரண்டு கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம் தம்பதியர் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவதைக் குறிப்பிட்டது. இந்நூற்றாண்டின் இறுதியில் முஸ்லிம்களின் பங்கு ஐந்தில் ஒரு பங்கின் அளவில் நிலைபெறும் என்றும் கணித்தது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய்.குரைஷி 2021இல் வெளியிட்ட நூலும் இச்சான்றுகளைத் தொகுத்துத் தருகிறது.

நம் மாவட்டம் பெருகியது எவ்வாறு?

2001இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 28.8 லட்சம். 2011இல் அது 40 லட்சத்தை எட்டியது. வளர்ச்சி 39 சதவீதம். அதே காலத்தில் மாநிலத்தின் வளர்ச்சி 15.6 சதவீதமே. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் அதிலிருந்து பிரிந்ததுதான்.

இவ்வளவு பெருக்கம் எந்த மதத்தாரின் பிள்ளைப்பேற்றாலும் வந்ததன்று. மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களுக்கும் வேலை தேடி வந்தவர்களால் வந்தது. தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை வாடகைக்கும் சொந்தமாகவும் குடியேறிய குடும்பங்களால் வந்தது. தொழுகைக்கு வருவோர் பெருகி ஒரு பள்ளிவாசலில் இடம் போதவில்லை என்றால் அதன் காரணம் பெரும்பாலும் பிறப்பன்று, குடியேற்றம். ஓர் ஊரின் எண்ணிக்கையைக் காட்டி ஒரு மதத்தைக் குறை கூறுவோர் மறைக்கும் செய்தி இதுவே.

காற்று திசை மாறியது

காலம் இப்போது மற்றொரு வேடிக்கையைக் காட்டுகிறது. பிள்ளைகளைக் குறைத்ததால் தமிழகம் தண்டிக்கப்படுமோ என்ற அச்சம் எழுந்துள்ளது. 1967 தேர்தலிலேயே நம் மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைக்கப்பட்டன. 1976இல் அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் தொகுதிகளின் எண்ணிக்கை 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி உறைய வைக்கப்பட்டது. 2001இல் அந்த ஏற்பாடு 2026க்குப் பின் நடக்கும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு ரூ.30 கொடுத்த மாநிலத்தில், பதினாறு பிள்ளைகள் ஏன் பெறக்கூடாது என்று 2024 அக்டோபரில் அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் கேட்டார். ஈரான் அரசும் தன் பழைய கொள்கையைத் திருப்பிக்கொண்டு, 2021இல் கருத்தடைச் சேவைகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது.

நேற்றுக் குறை என்றவர்கள் இன்று கூட்டு என்கிறார்கள். எண்ணிக்கையை மையமாக வைத்துப் பேசினால் முடிவு இவ்வாறே மாறிக்கொண்டிருக்கும். தாயை மையமாக வைத்தால் மாறாது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நம் ஜமாஅத் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, மக்கள் தொகை பற்றிய செய்தி எதைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். வளர்ச்சியின் வேகம் முன்பைவிடக் கூடியதா, குறைந்ததா? ஒப்பிடப்படும் இரு சாராரின் கல்வியும் வருமானமும் ஒன்றா? வந்த பெருக்கம் பிறப்பாலா, குடியேற்றத்தாலா? இம்மூன்றுக்கும் விடை கேட்டால் பெரும்பாலான வதந்திகள் அங்கேயே அடங்கும். நம் இளைஞர்கள் கோபத்தால் அன்று, கணக்கால் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, எத்தனை பிள்ளை என்பது கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்ய வேண்டியது. அதில் அரசின் கட்டாயமும் கூடாது, உறவினரின் நிர்ப்பந்தமும் கூடாது. ஆண் குழந்தை பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே இருக்குமாறு மருமகளை வற்புறுத்துவதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்க இடமில்லை. இரத்தசோகையோடும் பலவீனத்தோடும் இருக்கும் தாய்க்கு இடைவெளி தேவை என்று மருத்துவர் சொன்னால், அது கேட்கப்பட வேண்டிய சொல். எந்த முறை ஆகும், எது ஆகாது என்ற ஐயத்தைத் தகுதியுள்ள ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளியலாம். கேட்பதற்கு வெட்கப்பட்டு ஒரு பெண்ணின் உடல்நலத்தை இழப்பது எந்த மத்ஹபிலும் புண்ணியமாகச் சொல்லப்படவில்லை.

மூன்றாவது, பெண் கல்வி. மேலே கண்ட எண்கள் அனைத்தையும் ஒரு வரியில் சுருக்கினால் எஞ்சுவது அதுவே. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஒரு மாணவி தன் திருமணம், தன் உடல்நலம், தன் பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தையும் அறிவோடு நடத்துவாள். ஜமாஅத்தின் கல்வி உதவியில் மாணவிகளுக்கு உரிய பங்கு கிடைப்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான்காவது, குடும்பங்கள் சிறுத்துவிட்ட உண்மையை நாமும் ஏற்க வேண்டும். ஒன்றிரண்டு பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் எல்லாச் சமுதாயத்திலும் பெருகிவருகின்றன. பைத்துல்மால் நிதியில் முதியோர் நலனுக்கும் ஒரு தலைப்பு தேவைப்படும் காலம் இது.

சமுதாயத்தின் வலிமை அதன் தலைகளை எண்ணுவதில் இல்லை. பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் உயிரோடும் நலத்தோடும் கல்வியோடும் வளர்வதிலும், பெற்ற தாய் நலமாக இருப்பதிலும்தான் அது உள்ளது. வல்ல அல்லாஹ் நம் மக்களை நலமுள்ளவர்களாகவும் பயனுள்ளவர்களாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.